பசுவின் இடத்தில் ஒரு தொலைபேசி

ஒரு குடும்பத்தின் வரவு செலவைக் கணக்கிடும்பொழுது நாம் விளைந்த நெல்லை எழுதுகிறோம். கறந்த பாலை எழுதுகிறோம். வாங்கிய கடனையும் கட்டிய வட்டியையும் எழுதுகிறோம். வீணாய்ப் போன நாட்களை மட்டும் எழுதுவதில்லை. கைப்பேசி எல்லோர் கையிலும் வந்து சேர்வதற்கு முன் கிராமங்களில் நாட்கள் எவ்வாறு கழிந்தன என்பதை மூத்தோர் நன்கு அறிவர். உரம் வந்துவிட்டதா என அறிய ஒருவர் நான்கு மைல் நடந்து சென்று, 'நாளைக்கு வாருங்கள்' என்ற விடையுடன் திரும்புவார். மருத்துவர் இருக்கிறாரா என்பது தெரியாமலே நோயாளியை வண்டியில் ஏற்றுவர். சந்தையில் என்ன விலை போகிறது என்பது தெரியாமலே காய்கறிகளை மூட்டை கட்டுவர். ஏழையின் கையில் உள்ள முதல் அவனுடைய நாட்களே. அவற்றை இழப்பது பணத்தை இழப்பதற்கு ஒப்பாகும். எனினும் அந்த நட்டத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

அவ்வாறு வீணான ஒரு நாளை மறவாமல் மனத்தில் வைத்திருந்து, இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதற்குப் பரிகாரம் தேடிய ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். வங்காளதேசத்தில் பிறந்து, அமெரிக்காவில் கல்வி கற்று, நியூயார்க் நகரில் முதலீட்டுத் தொழிலில் அமர்ந்திருந்த இக்பால் காதிர் என்பவரே அவர். அவர் தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் அல்லர். தொலைபேசிக் கம்பெனி நடத்திப் பழகியவரும் அல்லர். ஆயினும் அவருடைய முயற்சியால் வங்காளதேசத்தின் கிராமங்களுக்குத் தொலைபேசி சென்றது. அதுவும் தருமமாகச் செல்லாமல், ஏழைப் பெண்களின் தொழிற்கருவியாகச் சென்றது. கடனுதவியையும் தொழிற் பயிற்சியையும் மக்களிடம் கொண்டு செல்லும் பணியில் உள்ள நாம் அவருடைய வரலாற்றிலிருந்து கற்க வேண்டியவை பல.

வீணான இரு நாட்கள்

இக்பால் காதிர் 1958ஆம் ஆண்டில், அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த நிலப்பகுதியில், ஜெஸ்ஸோர் நகரில் பிறந்தார். 1971இல் விடுதலைப் போர் மூண்டபொழுது நகரத்தில் வாழ்வது ஆபத்தாயிற்று. ஆகவே அவருடைய குடும்பத்தார் கிராமப் புறத்துக்குக் குடிபெயர்ந்தனர். ஒரு நாள், இளைய குழந்தை ஒன்றுக்கு மருந்து வாங்கி வருமாறு அன்னையார் அவரை அனுப்பினார். சிறுவர் காலைப் பொழுது முழுவதும் நடந்து அவ்வூரை அடைந்தார். மருந்து கொடுப்பவர் அங்கே இல்லை. பிற்பகல் முழுவதும் நடந்து வெறுங்கையுடன் வீடு திரும்பினார். போரின் நடுவே இது ஒரு பெரிய துன்பம் என்று எவரும் கருதியிருக்க மாட்டார்கள். கிராம வாழ்க்கையில் அன்றாடம் நிகழ்வதுதானே!

1976இல் காதிர் உயர்கல்விக்காக அமெரிக்கா சென்றார். ஸ்வார்த்மோர் கல்லூரியில் பட்டம் பெற்றபின், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வார்ட்டன் வணிகவியல் பள்ளியில் மேற்பட்டங்கள் பெற்றார். உலக வங்கியில் ஆலோசகராகச் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் முதலீட்டுத் துறையில் புகுந்து, நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தில் உயர்ந்த பதவியை அடைந்தார். பிறருடைய தொழில்களை ஆராய்ந்து, எதில் பணம் இட்டால் அது பெருகும், எதில் இட்டால் மூழ்கும் என்று கணிப்பதே அவருக்கு அன்றாட அலுவல்.

1993ஆம் ஆண்டில் ஒரு நாள், அவருடைய அலுவலகத்தில் கணினிகளை ஒன்றோடொன்று பிணைத்திருந்த இணைப்பு அறுந்தது. கணினிகள் யாவும் நல்ல நிலையில் இருந்தன. வேலை செய்வோரும் தத்தம் இடத்தில் இருந்தனர். எனினும் வேலை நின்றது. ஒருவர் எழுதியதை மற்றவர் பெற வழியில்லாமற் போயிற்று. அன்றைய பொழுது வீணாயிற்று. அப்பொழுதுதான் 1971இல் வெறுங்கையுடன் திரும்பிய அந்த நாள் அவருடைய நினைவுக்கு வந்தது. உலகின் செல்வம் மிக்க நகரத்தில், நவீன அலுவலகத்தில் கெட்ட பொழுதுக்கும், ஏழை நாட்டின் ஒரு கிராமப் பாதையில் கெட்ட பொழுதுக்கும் காரணம் ஒன்றே என்பதை அவர் கண்டார். மனிதர்க்கு மனிதர் தொடர்பு இருந்தால்தான் உழைப்பு பலன் தரும். தொடர்பே உற்பத்தித் திறன் என்பது அவர் கண்ட முடிவு.

தொடர்பும் உழைப்பும்

இம்முடிவின் உட்பொருளைச் சற்று விளக்குதல் நலம். தொழிற் பிரிவினையால் உற்பத்தி பெருகும் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஆடம் ஸ்மித் என்ற பொருளியல் அறிஞர் எடுத்துரைத்தார். ஒருவர் ஒரே தொழிலில் கைதேர்ந்தால் விளைவு மிகும் என்பது இதன் பொருள். ஆனால் ஒரு தொழிலையே ஒருவர் நம்பியிருக்க வேண்டுமானால், மற்றத் தேவைகளுக்கு அவர் பிறரை நம்பியிருக்க வேண்டும். பிறரை நம்புவதற்கு அவர்களை வேண்டும்பொழுது எட்ட முடிய வேண்டும். எட்ட முடியாத ஊரில் உழவரே மீன் பிடிக்கிறார். அவரே கூரை வேய்கிறார். அவரே தச்சு வேலையும் பார்க்கிறார். எல்லாம் செய்கிறார், எதிலும் போதிய வருவாய் இல்லை. ஆகவே தொடர்பின்மை என்பது வறுமையின் அடையாளம் மட்டுமன்று. வறுமையின் காரணமும் ஆகும் என்று காதிர் வாதிட்டார்.

அக்காலத்தில் வங்காளதேசத்தின் நிலை யாது? ஏறத்தாழ ஐந்நூறு பேருக்கு ஒரு தொலைபேசியே இருந்தது. அவையும் பெரும்பாலும் சில நகரங்களில் மட்டுமே இருந்தன. பத்துக் கோடி மக்கள் வாழ்ந்த கிராமப் புறத்தில் தொலைபேசி என்பதே இல்லை எனலாம். ஒரு கைப்பேசிக் கருவியின் விலை, அந்நாட்டில் ஒருவருடைய ஏறத்தாழ ஓராண்டுச் சராசரி வருமானத்துக்கு இணையாக இருந்தது. இந்நிலையில் கிராமத்துக்குக் கைப்பேசி என்று சொன்னால், கேட்பவர் நகைப்பது இயல்பே. 'உண்ண உணவும் உடுக்க உடையும் இல்லாதவர்க்குத் தொலைபேசி எதற்கு? அவர்களால் அதற்குப் பணம் கொடுக்க இயலுமா?' என்ற கேள்வியே எங்கும் எழுந்தது.

இக்கேள்விக்குக் காதிர் இரு விடைகள் கண்டார். மின்னணுக் கருவிகளின் விலை ஆண்டுதோறும் குறைந்து வருவது உலகறிந்த செய்தி. இன்று எட்டாத விலை சில ஆண்டுகளில் எட்டும் விலையாகும் என்பது முதல் விடை. இரண்டாம் விடை அதனினும் ஆழமானது. ஒரு பொருள் தன் விலையைத் தானே சம்பாதித்துத் தருமானால், அதை வாங்க ஏழைக்கு முன்கூட்டியே செல்வம் இருக்க வேண்டுவதில்லை. கடன் இருந்தால் போதும். ஏர் வாங்கும் உழவரிடம் 'ஏர் வாங்கும் அளவுக்கு நீர் செல்வரா?' என்று நாம் கேட்பதில்லை. அவர் ஏரைக் கொண்டே அதன் கடனை அடைக்கிறார். தொலைபேசியும் அவ்வாறு ஆக முடியுமா என்பதே அவர் ஆராய்ந்தது.

பசு கற்பித்த பாடம்

அக்கடனைத் தரக்கூடிய அமைப்பு வங்காளதேசத்தில் முன்னரே வளர்ந்திருந்தது. பொருளியல் பேராசிரியரான முகம்மது யூனுஸ் 1976இல் சிட்டகாங்கை அடுத்த ஜோப்ரா என்ற கிராமத்தில் ஏழைகளுக்குச் சிறு கடன் அளிக்கும் சோதனையைத் தொடங்கினார். அம்முயற்சி 1983இல் கிராமீன் வங்கி என்ற தனி வங்கியாயிற்று. அடமானம் இல்லை, ஜாமீன் பத்திரம் இல்லை. ஐந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேர்வர், வாரந்தோறும் கூடுவர், சிறு சிறு தவணையாகக் கடனைத் திருப்பிச் செலுத்துவர். 1990க்குப் பிந்திய ஆண்டுகளில் அவ்வங்கிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கிளைகளும், இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட கடனாளிகளும் இருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 2006இல் யூனுசுக்கும் அவ்வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

கிராமீன் வங்கியின் கடனில் நிகழ்வது யாதெனக் காதிர் கூர்ந்து நோக்கினார். ஒரு பெண் கடன் பெறுகிறாள். ஒரு பசுவை வாங்குகிறாள். பாலை அண்டை அயலாருக்கு விற்கிறாள். அவ்வருவாயில் தவணையைச் செலுத்தி, மிஞ்சியதைக் குடும்பத்துக்குச் செலவிடுகிறாள். அப்பசுவின் இடத்தில் ஒரு தொலைபேசியை வைத்தால் என்ன? பாலை விற்பதுபோல் பேச்சு நேரத்தை விற்கலாம் அல்லவா? ஊருக்கு ஒரு பெண் கருவி வைத்திருப்பாள். ஊரார் அனைவரும் அவளிடம் வந்து, பேசிய நிமிடத்துக்குக் காசு கொடுப்பர். கருவியின் முழு விலையை எந்த ஒரு குடும்பமும் சுமக்க வேண்டுவதில்லை. ஊர் முழுவதும் சிறு சிறு பங்காகச் சுமக்கும்.

இந்த எண்ணத்தின் எளிமை கருதத்தக்கது. காதிர் புதிய கருவி எதையும் படைக்கவில்லை. கருவி உலகில் இருந்தது. வங்கி ஊரில் இருந்தது. தவணை செலுத்திப் பழகிய பெண்கள் இருந்தனர். பேச வேண்டிய தேவையோ எங்கும் இருந்தது. இவை ஒன்றை ஒன்று அறியாமல் தனித்தனியே இருந்தன. அவற்றை இணைக்க ஒருவர் வேண்டியிருந்தது.

நான்கு பங்காளிகள்

எண்ணம் எளிது, நிறைவேற்றம் எளிதன்று. 1993இல் உதித்த கருத்து செயலாவதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. காதிர் தம் பதவியைத் துறந்தார். ஜோஷுவா மெய்ல்மேன் என்ற அமெரிக்க முதலீட்டாளரின் துணையுடன் கோனோஃபோன் என்ற சிறு நிறுவனத்தை அமைத்தார். வங்காள மொழியில் 'கோனோ' என்பது 'ஜன' என்ற சொல்லின் பொருளையுடையது. மக்கள் தொலைபேசி என்பதே அப்பெயரின் கருத்து. இச்சிறு நிறுவனத்தால் ஒரு நாட்டுக்குத் தொலைபேசிக் கோபுரங்களை நிறுவ இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே பணமும் தொழில் அறிவும் உடையவர்களைத் தேடி அலைந்தார்.

அக்காலத்தில் கைப்பேசிப் பயன்பாட்டில் உலகில் முன்னணியில் நின்ற நாடுகளுள் நார்வே ஒன்று. அந்நாட்டின் தொலைபேசி நிறுவனமாகிய டெலினார் இத்திட்டத்தில் சேர இசைந்தது. இறுதியில் அமைந்த கிராமீன்ஃபோன் கம்பெனியில் டெலினாருக்கு நூற்றுக்கு 51 பங்கு. கிராமீன் வங்கியின் குடும்பத்தைச் சேர்ந்ததும் இலாப நோக்கம் அற்றதுமான கிராமீன் டெலிகாம் அமைப்புக்கு 35 பங்கு. ஜப்பானிய வணிக நிறுவனமாகிய மாருபெனிக்கு 9.5 பங்கு, காதிரின் கோனோஃபோனுக்கு 4.5 பங்கு. எண்ணத்தைத் தந்தவருக்கு மிகச் சிறிய பங்கே கிடைத்தது. பெரிய பங்கைப் பிடித்துக் கொண்டு காத்திருப்பதினும், வலிமையுள்ளோரைச் சேர்த்துக்கொண்டு வேலையை முடிப்பதே சிறந்தது என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. நார்வே அரசின் உதவியுடன் வங்காளதேச ரயில்வே தன் இருப்புப் பாதைகளை ஒட்டி ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒளியிழைக் கம்பிகளைப் பதித்திருந்தது. ரயில் நிலையங்களுக்கு இடையே செய்தி அனுப்புவதற்கு அக்கம்பியின் திறனில் ஒரு சிறு பகுதியே போதுமானதாயிருந்தது. எஞ்சியது பயனின்றிக் கிடந்தது. கிராமீன்ஃபோன் அதைக் குத்தகைக்கு எடுத்தது. புதிய கம்பி பதிக்கும் பெருஞ்செலவும் காலமும் மிச்சமாயின. பொதுச் சொத்து ஒன்று உறங்கிக் கிடந்த நிலை நீங்கி, அரசுக்கு வாடகையும் கிடைத்தது. நம் ஊராட்சிகளிலும் இவ்வாறு உறங்கும் சொத்துக்கள் உண்டா என்று கேட்டுப் பார்ப்பது தவறாகாது.

1996ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் வங்காளதேச அரசு உரிமம் வழங்கியது. 1997ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள், அந்நாட்டின் விடுதலைத் திருநாளன்று, சேவை தொடங்கியது.

கிராமத்தில் நடந்த வியாபாரம்

கிராமத் தொலைபேசித் திட்டம் நடந்த முறையைப் படிப்படியாக அறிந்துகொள்வோம். கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தி நற்பெயர் பெற்ற பெண்ணை வங்கி தேர்ந்தெடுக்கும். அவளுடைய வீடு ஊரின் நடுவே, எல்லோரும் வந்து போகும் இடத்தில் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்காவது ஆங்கில எழுத்தும் எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். அப்பெண் வங்கிக் கடனில் கருவியை வாங்குவாள். கிராமீன் டெலிகாம் பேச்சு நேரத்தைக் கம்பெனியிடமிருந்து மொத்தமாகத் தள்ளுபடி விலையில் பெற்று அவளுக்கு அளிக்கும். அவள் அதை வழக்கமான விலைக்கு ஊராருக்கு விற்பாள். இடையிலுள்ள வேறுபாடு அவளுடைய ஊதியம். கருவிக்கான தவணையும் பேச்சுக் கட்டணமும் வங்கியின் வழியாகவே வசூலாயின. வசூலுக்கென்று கம்பெனி தனியே ஆட்களை ஊர் ஊராக அனுப்ப வேண்டியிருக்கவில்லை. மின்சாரம் எட்டாத ஊர்களில் மின்கலமும் சூரிய ஒளித் தகடும் கருவிக்கு உயிரூட்டின.

வெளியூரிலிருந்து அழைப்பு வந்தால், உரியவரை அழைத்து வருவதும் அவளுடைய பொறுப்பே. வயலில் இருப்பவரைக் கூட்டிவரப் பிள்ளையை ஓட விடுவாள். அந்தச் சேவைக்கும் ஒரு கட்டணம் உண்டு.

இதனால் விளைந்த பயன் யாது? 2000ஆம் ஆண்டில் கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி முகமைக்காக நடத்தப்பட்ட ஓர் ஆய்வு சில கணக்குகளைத் தந்தது. நேரில் நகரத்துக்குச் சென்று வருவதற்கு ஆகும் செலவு, ஒரு தொலைபேசி அழைப்பின் செலவைப்போல் இரண்டு முதல் எட்டு மடங்கு வரை இருந்தது. போகாமல் மிச்சமான நாளின் கூலி வேறு. தொலைபேசி வைத்திருந்த பெண்ணின் குடும்ப வருமானத்தில் சராசரியாக ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்தொழிலில் கிடைத்தது. பேச வந்தவர்கள் வீண் பேச்சுப் பேசவில்லை. அழைப்புகளில் பத்தில் நான்குக்கு மேற்பட்டவை குடும்பத்தின் பண விவகாரம் பற்றியவை. வெளிநாட்டில் உழைக்கும் மகனோ கணவனோ அனுப்பிய பணம் வந்ததா, எவ்வளவு, எப்பொழுது என்பனவே பேச்சு.

மற்றொன்றும் அவ்வாய்வில் தெரிந்தது. கடைத்தெருவில் ஆண் ஒருவர் வைத்திருக்கும் தொலைபேசியைத் தேடிப் பெண்கள் அதிகம் செல்வதில்லை. பெண்ணின் வீட்டில் இருக்கும் தொலைபேசிக்கோ அவர்கள் தயக்கமின்றி வந்தனர். கருவி ஒன்றே, அது யார் வீட்டில், யார் கையில் இருக்கிறது என்பது பயன்பெறுவோர் யார் என்பதைத் தீர்மானித்தது. அதுவரை ஊரில் ஒதுங்கி வாழ்ந்த ஏழைப் பெண்ணின் வாயிலில், நிலக்கிழாரும் வந்து தம் முறைக்காகக் காத்திருக்கும் நிலை ஏற்பட்டது.

ஏழைகளால் பணம் கொடுக்க இயலுமா என்ற பழைய கேள்விக்கும் விடை கிடைத்தது. 2005இல் காதிர் தாம் ஆற்றிய ஓர் உரையில் தந்த கணக்கின்படி, கம்பெனிக்கு அப்பொழுது 35 இலட்சம் சந்தாதாரர்கள். அவர்களுள் கிராமத் தொலைபேசிப் பெண்கள் 1,15,000 பேர். நூற்றுக்கு மூன்றை ஒட்டிய இக்கருவிகளே கம்பெனியின் மொத்தப் பேச்சு நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தந்தன. இதில் வியப்பில்லை. செல்வரின் கருவி பெரும்பொழுது சட்டைப்பையில் கிடக்கும். ஊர்ப் பொதுக் கருவியோ காலை முதல் இரவு வரை ஓயாது. தனியார் ஏழையாயினும், ஊர் சேர்ந்தால் சிறந்த வாடிக்கைக்காரர் ஆகிறது.

பால் வற்றிய பசு

நற்செய்தியை மட்டும் சொல்லி நிறுத்துவது பாடத்துக்கு அழகன்று. இத்திட்டத்தின் பிற்பகுதியையும் நாம் அறிதல் வேண்டும்.

தொடக்கத்திலேயே சில இடர்கள் இருந்தன. கோபுரம் எட்டிய ஊர்களுக்கே தொலைபேசி செல்ல முடிந்தது. தொலைவில் இருந்த ஊர்கள் பல ஆண்டுகள் காத்திருந்தன. பழைய கம்பித் தொலைபேசிகளுடன் இணைப்புப் போதிய அளவில் கிடைக்காததால், நகரத்திலுள்ள பல எண்களுடன் பேச இயலாமற் போயிற்று.

பெரிய மாறுதல் பின்னர் வந்தது. கருவியின் விலை ஆண்டுதோறும் குறையும் என்று காதிர் கணித்தார் அல்லவா? அவ்வாறே குறைந்தது. போட்டிக் கம்பெனிகள் வந்தன. பேச்சுக் கட்டணமும் வீழ்ந்தது. எந்தக் காரணம் கிராமத்துக்குத் தொலைபேசியைக் கொண்டு வந்ததோ, அதே காரணம் தொலைபேசிப் பெண்ணின் தொழிலையும் கரைத்தது. அண்டை வீட்டாரே கருவி வாங்கியபின் அவளிடம் வந்து பேசுவோர் யார்? தொலைபேசிப் பெண்களின் தொகை இரண்டரை இலட்சம் வரை பெருகிய அந்த ஆண்டுகளிலேயே ஒவ்வொருவரின் வருவாயும் சுருங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் வீடு கட்டினர். பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். பிற்பட்டுக் கடன் வாங்கியவர்களுக்குத் தவணை செலுத்துவதே பாரமாயிற்று.

இதைத் தோல்வி என்று சொல்லலாமா? ஊருக்கு ஒன்றாக இருந்த தொலைபேசி வீட்டுக்கு ஒன்றாயிற்று. காதிர் எண்ணிய தொடர்பு ஏற்பட்டது. அந்த வகையில் நோக்கம் நிறைவேறியது. ஆனால் நோக்கம் நிறைவேறியது என்ற ஆறுதல், கடைசியாகக் கடன் வாங்கிய பெண்ணின் தவணையைக் கட்டாது. பசு பால் வற்றும். அது பசுவின் குற்றமன்று. வற்றும் காலத்தை அறிந்திருந்தும் அதே பசுவை வாங்கக் கடன் கொடுத்துக்கொண்டே இருப்பது கடன் கொடுப்போரின் குற்றமாகும். கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் இடத்தில் உள்ள நாம் இதனை நெஞ்சில் பதித்துக் கொள்ள வேண்டும். அண்டை ஊரில் ஒரு தொழில் பலித்தது என்பதனாலேயே அதை நூறு பேருக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. முதற் பத்துப் பேருக்குப் பலித்தது நூறாவது பேருக்கும் பலிக்கும் என்பதற்கு உறுதி யாது?

முதலீட்டாளரின் பிற்கால வாழ்க்கை

2004இல் கோனோஃபோனும் மாருபெனியும் தங்கள் பங்குகளை விற்று விலகின. அதன்பின் கம்பெனி டெலினாருக்கும் கிராமீன் டெலிகாமுக்கும் உரியதாயிற்று. 2009இல் அதன் பங்குகளில் பத்தில் ஒரு பகுதி பொதுமக்களுக்கு விற்கப்பட்டது.

காதிர் 2001 முதல் சில ஆண்டுகள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னடி அரசியல் பள்ளியில் கற்பித்தார். 2007இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லெகாட்டம் மையத்தை நிறுவினார். ஏழை நாடுகளில் தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கு அங்கே பயிற்சி அளிக்கப்பட்டது. அரசுகளுக்குச் செல்லும் பெருந்தொகை உதவியைக் காட்டிலும், குடிமக்கள் கையில் உள்ள சிறு கருவிகளே ஒரு நாட்டை உயர்த்தும் என்பது அவருடைய கொள்கை. இக்கொள்கையில் கருத்து வேறுபாடு கொள்வோர் உண்டு. சாலையும் பள்ளியும் மருத்துவ மனையும் அரசின் முயற்சியாலன்றி ஏற்படுவது அரிது. காதிரின் திட்டத்துக்கே ரயில்வேயின் கம்பியும் அரசின் உரிமமும் தேவைப்பட்டன என்பதை மறத்தலாகாது.

அவர் மேற்கொண்ட மற்றொரு முயற்சி சாண எரிவாயு பற்றியது. டீன் கேமன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் செய்த சிறிய எந்திரத்தைக் கொண்டு, வங்காளதேசத்தின் இரு கிராமங்களில் மாட்டுச் சாணத்திலிருந்து மின்சாரம் உண்டாக்கும் சோதனை நடந்தது. ஒருவர் சாண எரிவாயு விற்பார். மற்றொருவர் அதைக் கொண்டு மின்சாரம் விற்பார் என்பது ஏற்பாடு. தொலைபேசியைப்போல் இது நாடெங்கும் பரவவில்லை. ஒன்றில் வென்றவர் எல்லாவற்றிலும் வெல்வார் என்ற விதி முதலீட்டுத் தொழிலில் இல்லை.

அவருடைய சகோதரர் கமால் காதிர் 2011இல் பிகாஷ் என்ற சேவையைத் தொடங்கினார். பிராக் வங்கியும் அமெரிக்காவில் பதிவான மணி இன் மோஷன் நிறுவனமும் சேர்ந்து நடத்திய முயற்சி இது. கைப்பேசியின் வழியாகப் பணம் அனுப்பவும் பெறவும் இதனால் இயன்றது. டாக்காவில் வேலை செய்யும் பெண், கிராமத்திலுள்ள தாய்க்கு அன்றே பணம் அனுப்புகிறாள். பணம் வந்ததா என்று கேட்பதற்காகத் தொலைபேசிப் பெண்ணின் வாயிலில் காத்திருந்த காலம் போய், பணமே கைப்பேசியில் வந்து சேரும் காலம் வந்தது. முன்னது இட்ட அடித்தளத்தின் மேல்தான் பின்னது எழும்பியது.

நாம் கற்க வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து நம் பணிக்கு உதவும் கருத்துக்களைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, வீணாகும் நாளைக் கணக்கில் கொள்ளுதல். ஓர் ஊரின் தேவைகளை ஆராயும்பொழுது, அவ்வூர் மக்கள் எதற்காக நடக்கின்றனர், எங்கே காத்திருக்கின்றனர், எத்தனை முறை வெறுங்கையுடன் திரும்புகின்றனர் என்று கேட்போமாக. ஒரு கையெழுத்துக்காக மூன்று முறை வட்டார அலுவலகத்துக்கு வரும் முதியவரின் மூன்று நாட்களும் அக்கணக்கில் சேரும். அந்தப் பரிகாரம் நம் கையிலேயே உள்ளது.

இரண்டாவது, இருப்பவற்றை இணைத்தல். புதிய கட்டடமும் புதிய நிதியும் கேட்பதற்கு முன், பயன்படாது கிடப்பது எது, அதைப் பயன்படுத்தக் கூடியவர் யார் என்று தேட வேண்டும்.

மூன்றாவது, கருவியைத் தருமுன் அதன் வருவாயை எண்ணுதல். தையல் எந்திரமாயினும், மாவரைக்கும் எந்திரமாயினும், கறவை மாடாயினும், யார் விலை கொடுத்து அதன் பயனை வாங்குவர் என்பதற்கு விடை கிடைத்த பின்னரே கடன் தருதல் நன்று.

நான்காவது, தொழிலின் ஆயுளை அறிதல். கடன் தீரும் காலமும் தொழில் தேயும் காலமும் ஒன்றையொன்று கடவாதபடி பார்த்துக் கொள்வது கடன் தருவோரின் கடமை.

மகளிர் குழுக் கூட்டங்களிலும் ஊராட்சிக் கூட்டங்களிலும் பின்வரும் வினாக்களை எடுத்துக்கொண்டு உரையாடலாம்:

1. சென்ற மாதத்தில் நம் குடும்பத்தில் வீணாய்ப் போன நாட்கள் எத்தனை? எதனால் வீணாயின?

2. நம் ஊரில் ஒருவர் வைத்திருந்து பலரும் விலை கொடுத்துப் பயன்படுத்தக் கூடிய கருவி எது? அதை யார் வீட்டில் வைத்தால் பெண்கள் தயங்காமல் வருவர்?

3. நம் குழுவில் ஒரே தொழிலுக்குக் கடன் பெற்றவர் எத்தனை பேர்? இன்னும் ஒருவர் சேர்ந்தால் மற்றவரின் வருவாய் குறையுமா?

4. இப்பொழுது நடக்கும் தொழில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நடக்குமா? நடக்காவிடில் அடுத்து என்ன செய்வோம்?

இவ்வினாக்களுக்கு ஒரே கூட்டத்தில் விடை கிடைத்துவிடாது. 1971இல் எழுந்த கேள்வி ஒன்றுக்கு 1997இல்தான் விடை கிடைத்தது. எனினும், மருந்து கிடைக்காமல் திரும்பிய சிறுவர் அந்த நாளை மறந்திருந்தால் அந்த விடையும் கிடைத்திராது. நம் ஊர்களில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் வெறுங்கையுடன் வீடு திரும்புகிறார். அவருடைய நாளை நாமாவது எழுதி வைத்துக்கொள்வோமாக.